பெயரில் பாசி இல்லை

ஜப்பானியர்களின் முக்கோணச் சோற்றுருண்டையைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் கறுப்புக் கடற்பாசித் தாள் சுற்றியே இருக்கும். ஆனால் ‘ஒனிகிரி’ என்ற அதன் பெயரில் பாசி இல்லை. கொரியர்களின் சோற்றுச் சுருள் அப்படியல்ல. அது கிம்பாப்: கிம் என்றால் பாசித் தாள், பாப் என்றால் சோறு.

‘நிகிரு’ என்றால் கையால் பிடித்தல். ‘நிகிரி’ என்றால் பிடி. முன்னே நிற்கும் ‘ஒ’ மரியாதைக்கு வருவது. பிடிகொழுக்கட்டை தின்று வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அந்த ‘ஒ’வை மட்டும் விட்டுவிடக் கூடாது. வெறும் ‘நிகிரி’ என்று கேட்டால் இன்று மீன்துண்டு வைத்த சூஷிதான் வரும்.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த ‘ஹிதாச்சி ஃபுதோகி’ என்ற நாட்டு விவர நூலில், ட்சுகுபா என்ற ஊர்ப்பெயருக்கு அடைமொழியாக ‘நிகிரி-ஈ’ வருகிறது. ‘ஈ’ என்பது சோறு. பிற்காலத்தில் அந்த இடத்துக்கு ‘மெஷி’ வந்தது. பிறகு சோற்றைக் குறித்த பகுதியே உதிர்ந்து, பிடி மட்டும் நின்றது. பாசியைக் காகிதம் போலத் தாளாக வார்த்து உலர்த்தும் தொழில் வளர்ந்ததோ எடோ காலத்தில் (1603–1868). பாசி வந்து சேர்ந்தபோது சோற்றுக்குப் பெயர் வைத்துப் பல நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது.

இன்னொரு பெயரும் உண்டு: ‘ஒமுசுபி’. ‘முசுபு’ என்றால் கட்டுதல், முடிதல். தகாமிமுசுபி என்ற தெய்வத்தின் பெயரோடு இதை இணைத்துச் சொல்வார்கள். ஒலி ஒத்திருப்பதால் பின்னால் எழுந்த விளக்கமாகவே எனக்குப் படுகிறது. அங்கே பிடியும் கட்டும், இங்கே பிடிகொழுக்கட்டையும் கட்டுச்சோறும் என்று பார்க்கும்போது மனம் துள்ளத்தான் செய்கிறது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று மொழியியலாளர் ஓனோ சுசுமு வாதிட்டது நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஒப்புமையை அதற்குச் சான்றாக்கக் கூடாது. சோற்றைக் கையில் எடுத்து வழிக்குக் கொண்டுபோகிற எவருக்கும் இந்த வினைகள்தான் வாயில் வரும்.

வீட்டில் செய்து பார்த்தால் ‘பிடி’ என்ற சொல்லின் அளவு தெரியும். நம் புழுங்கலரிசி உதிர்ந்துவிடும். ஒட்டும் குட்டையரிசிதான் வேண்டும். கையை நனைத்து, உள்ளங்கையில் உப்பைத் தடவி, கை பொறுக்கும் சூட்டில் சோற்றை எடுத்து, நடுவில் உப்பில் ஊறிய உமெபோஷிப் பழத்தை வைக்க வேண்டும். இடக்கை தாங்க, வலக்கையைக் கூரைபோல் வளைத்து மூன்று நான்கு முறை திருப்பினால் முக்கோணம் வந்துவிடும். இறுக்கிப் பிடித்தால் கெட்டது: வெளியே உருவம் நிற்க வேண்டும், உள்ளே பருக்கை பருக்கையாக இருக்க வேண்டும். தாளின் சொரசொரப்பான பக்கம் சோற்றோடு, பளபளப்பு வெளியே.

ஜப்பானியக் குடியேறிகளோடு ஹவாய் போன சொல் ‘முசுபி’. அங்கே சோற்றுக் கட்டியின்மேல் வறுத்த ஸ்பாம் இறைச்சித் துண்டை வைத்து, இரண்டும் பிரியாதபடி பாசித் தாளால் இடுப்பில் வார் போட்டதுபோல் சுற்றுகிறார்கள். கட்டு என்று பெயர் பெற்ற சோற்றை, அங்கே உண்மையாகவே பாசி கட்டுகிறது.