தோட்ட எல்லையும் பத்திரிகைச் சுதந்திரமும்

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் அரசாங்கத்துக்கும் ஆசிரியருக்குமிடையே எழும் பிணக்கையே வரலாறாகக் கொள்வன. எழுதுவோரின் உரிமை அவற்றில் விரிவாக ஆராயப்படுகின்றது; ஏடு வாசகரைச் சென்றடையும் வழி ஆராயப்படுவதில்லை. மலையகத்தின் அனுபவத்தை ஊன்றி நோக்குமிடத்து இக்குறைபாடு தெளிவாகும்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை, வத்துகாமம் வழியாக மடுல்கலை நோக்கிச் செல்லும் வீதி பொதுவீதி. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் லயங்களுக்குச் செல்லும் தோட்டப் பாதைகளோ தனியுடைமையாயிருந்தன. துரையின் அனுமதியின்றி நுழைவோர்மீது அத்துமீறல் சட்டம் பாய்ந்தது. தொழிலாளரிடையே எழுத்தறிவும் அருகியே காணப்பட்டது. ஆகவே ஏட்டைத் தடுப்பதற்குத் தணிக்கையாளர் வேண்டியிருக்கவில்லை. நிலவுடைமையே அப்பணியைச் செய்தது.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யரின் இதழியற் பணியை இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய ஏடுகளில் அவர் ஆசிரியராக விளங்கினார். புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுட் புகுந்து நிலைமைகளை அறிந்தார் என்பர். துண்டுப்பிரசுரங்களும், துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடைகளிற் பாடிய பாடல்களும் எழுத்தறியாதோரிடத்தும் செய்தியைக் கொண்டு சென்றன.

இவ்வாய்மொழியின் வலிமையை ஆட்சியாளர் நன்குணர்ந்திருந்தனர். மடுல்கலைத் தோட்டமொன்றில் துரைத்தனப் பயிற்சி பெற்று விலக்கப்பட்ட பிறேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர், 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அம்மாதமே ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தது.

இவை யாவும் கருத்துரிமையின் அடித்தளம் உடைமையுறவிலேயே உள்ளதென்பதை உணர்த்துகின்றன. எனினும், உடைமை மாறியதும் சுதந்திரம் தானே விளையும் என்னும் எளிய சூத்திரத்தை வரலாறு ஏற்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 'தினகரன்' முதலியவற்றை வெளியிட்ட லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 75 வீதப் பங்குகளைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. இடதுசாரிக் கட்சிகளும் அங்கம் வகித்த அரசாங்கமே அதனை நிறைவேற்றியது. பங்குகளைப் பரவலாக்குதல் நோக்கமெனக் கூறப்பட்டது. அந்நோக்கம் கைகூடவில்லை, அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் நிறுவனத்தைத் தம் குரலாக்கிக்கொண்டன. அதே ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டம் அமைச்சரவை நடவடிக்கைகளை வெளியிடுதலைக் குற்றமாக்கியது. தனியாரின் ஏகபோகம் அரசின் ஏகபோகமாயிற்று. தொழிலாளி முன்போலவே வெளியில் நின்றான்.

மார்க்சிய நோக்குடையோர் இதனை மறைத்தல் தகாது. அச்சகம் எவருடையது என்பதோடு, அதனை நெறிப்படுத்தும் அதிகாரம் எவரிடமுள்ளது, ஏடு எவரைச் சென்றடைகின்றது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இவற்றை ஒருசேர எழுப்பும் வரலாறே மலையக மக்களையும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு உரியோராகக் கணிக்கவல்லது.