கார் துடைக்கும் துணிக்கும் வரலாறு உண்டு



போன வாரம், வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனைப் பார்க்கப் போயிருந்தேன். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன், கீழே விழுந்த துணியை உதறிவிட்டு ஒரு கறுப்பு காரைத் துடைத்துவிட்டான். வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்கக் கீறல். பாலிஷ் செலவை முதலாளியே ஏற்றுக்கொண்டான். "சொல்லிக் கொடுக்காதது என் தப்பு சார்" என்றான். அந்த வார்த்தைக்காகவே இதை எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் முதலில் ஷாமி லெதர்தான். மலைகளில் வாழும் ஷாமுவா என்ற ஆட்டினத்தின் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்திச் செய்தார்கள். பின்னாளில் செம்மறித் தோல் வந்தது. தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஆனால் மணல் துகள் சிக்கினால் உள்ளே போக இடமில்லை, பெயிண்டிலேயே உரசும்.

வளைய நூல் துண்டு துருக்கியின் பர்ஸாவிலிருந்து வந்தது. ஹென்றி கிறிஸ்டி என்ற ஆங்கிலேயர் மூலம் இங்கிலாந்துக்குப் போய், 1851 லண்டன் கண்காட்சியில் புகழ் பெற்றது. நாம் 'டர்க்கி டவல்' என்பது அதனால்தான்.

1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ மிக நுண்ணிய இழையை உருவாக்கினார். முதலில் அது செயற்கைத் தோல் போன்ற துணியானது. 9,000 மீட்டர் இழை 1 கிராம் இருந்தால் ஒரு டெனியர். மைக்ரோஃபைபர் அதற்கும் மெல்லியது. துடைக்கும் துணியில் பாலியெஸ்டரும் நைலானும் சேர்ந்த இழையை ஆரஞ்சுச் சுளைபோலப் பிளக்கிறார்கள். அந்த இடுக்குகளில்தான் தண்ணீரும் தூசியும் அடங்குகின்றன.

இது புரிந்தால் பராமரிப்பும் புரியும். துணி மிருதுவாக்கும் திரவம் ஊற்றினால் இடுக்குகள் அடைபடும். அதிகச் சூடு பட்டால் இழை கெட்டுப்போகும். பருத்தித் துணியோடு துவைத்தால் பஞ்சு ஒட்டும். சக்கரத்துக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று என நிறம் பிரித்து வையுங்கள். பாடிக்கு அடர்த்தியான துணி, கண்ணாடிக்கு மெல்லியது. தரையில் விழுந்தது, துவைக்கும்வரை பெயிண்டைத் தொடக்கூடாது.

பிடித்துக்கொள்ளும் குணம்தான் இந்தத் துணியின் பலம். மணலையும் அப்படியே பிடித்துக்கொள்ளும், உதறினால் போகாது. அந்தப் பையனுக்கு அன்று தெரியாமல் போனது இதுதான். உங்களிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு, திட்டுவதற்கு முன் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.