சுவரும் ஓசையும்

மன்னாரிலிருந்து மதவாச்சி செல்லும் நெடுஞ்சாலையில் உயிலங்குளம் என்னும் ஊர் உண்டு. அண்மையில் அங்கே என் உறவினர் ஒருவர் புதுமனை கட்டத் தொடங்கினார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தாயாரோ காது மந்தமானவர். தொலைக்காட்சியை உரக்க வைத்தே கேட்பார். இருவருக்கும் அடுத்தடுத்த அறைகள். “நடுச்சுவரை எதனாற் கட்டுவது, அண்ணை?” என்று என்னை வினவினார். வரலாறு படிப்பித்தவனிடம் கேட்கும் வினாவா இது என நகைத்தேன். ஆயினும் நம் பகுதியின் பழஞ்சுவர்களே அதற்கு விடை கூறுகின்றன.

போர்த்துக்கீசர் 1560 ஆம் ஆண்டிலே மன்னாரிற் கோட்டை அமைத்தனர். 1658 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 1801 முதல் 1804 வரையில், அரிப்புக் கடற்கரையிலே மாளிகையொன்றைச் செங்கல்லாற் கட்டுவித்துச் சிப்பிச் சுண்ணாம்பு பூசுவித்தார். இன்று அதிற் பெரும்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. குடிமக்களோ மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்துப் பனையோலை வேய்ந்தனர். இவர்களுள் ஒருவரேனும் ஓசையை எண்ணிச் சுவர் எழுப்பியிரார். கோட்டைக்குப் பகையச்சம், மண்வீட்டுக்கு வெயில். தடித்த சுவருக்குக் காரணம் இவையே. அமைதி, கேளாமலே கிடைத்த பேறு.

காற்றில் வரும் ஒலி சுவரை அசைத்தே அப்பால் செல்கிறது. கனமான சுவர் எளிதில் அசையாது. சுவரின் எடை இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 5 அல்லது 6 டெசிபெல் குறையும். எனவே உள்ளீடற்ற நான்கங்குலச் சீமெந்துக் கல்லைப் பூசாமல் விட்டால் அது ஓசைக்குப் பெருந்தடையாகாது.

மெத்தென்ற பொருளை ஒட்டினால் ஓசை நின்றுவிடும் என்பார் பலர். அது வேறு சங்கதி. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895 ஆம் ஆண்டு முதல் வாலஸ் சபைன் என்னும் அறிஞர் விரிவுரை மண்டபமொன்றை ஆராய்ந்தார். அங்கே எழுந்த ஒலி அடங்க ஐந்தரை விநாடி சென்றது. நாடக அரங்கின் மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, அதனை ஒரு விநாடியளவுக்குக் குறைத்தார். அறைக்குள் முழக்கம் அடங்கியதே அங்கு நிகழ்ந்தது. அடுத்த அறைக்கு ஓசை போவதை மெத்தை தடுக்காது.

நம்மூர் ஓட்டு வீடுகளில் இன்னுமொரு குறை: நடுச்சுவரைப் பாதியிலே நிறுத்தி, முகடுவரை வெளியாக விடுவது. காற்றோட்டத்துக்கு நன்றுதான். ஆனால் சுவர்ப்பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எஞ்சியது கருங்கல்லாயினும், ஒலி 20 டெசிபெலுக்கு மேற் குறையாது.

உறவினர் ஆறங்குலத் திண்கல்லைத் தெரிந்து, இருபுறமும் பூசி, சுவரை ஓட்டின் அடிவரை உயர்த்தினார். கல்லின் செலவு கூடியது. காற்றுக்காக வெளிச்சுவரில் மேலும் ஒரு யன்னல் வைக்கவும் நேர்ந்தது. தொலைக்காட்சியை மட்டும் நடுச்சுவரில் மாட்ட எண்ணியிருந்தார். அதன் அதிர்வு கல்லினூடே பாயும் என்றேன், எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார்.