எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு முகம்

அம்மாவின் புகைப்படம் ஒன்றை 1982ஆம் வருஷத்துக் கணினிக்குப் பொருந்தும்படி மாற்றிப் பார்த்தேன். கைபேசியில் எடுத்த படம். ஒரு கோடிக்கும் மேல் புள்ளிகள். பிரிட்டனில் சிங்க்ளேர் நிறுவனம் அந்த ஏப்ரலில் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் திரையில் உள்ளவை 49,152 புள்ளிகள் மட்டுமே. 'வேற வேலை இல்லையா உனக்கு' என்றார் நண்பர். ஒரு பிம்பத்தில் எதை இழக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே ஒளிவுமறைவின்றிக் கிடக்கிறது என்பதுதான் என் பதில்.

முதலில் கணக்கு. ஸ்பெக்ட்ரத்தின் மலிவான மாடல் 125 பவுண்டு. நினைவகம் 16 கே. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறம் வேண்டுமென்றால் திரைக்கு மட்டும் 24 கே ஆகும். மொத்தத்தையும் தாரைவார்த்தாலும் பத்தாது. எனவே புள்ளிகளுக்கு 6,144 பைட், நிறத்துக்கு வெறும் 768 பைட் என்று ஒதுக்கினார்கள். திரை, 8×8 புள்ளிகள் கொண்ட 768 கட்டங்களாயிற்று. ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறம். மூன்றாவது நுழைந்தால் இருப்பதில் ஒன்று வெளியேற வேண்டும்.

அடிப்படை நிறங்கள் எட்டு: கறுப்பு, நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, சையன், மஞ்சள், வெள்ளை. பளிச்சென்று ஆக்கிக்கொள்ளலாம், அதுவும் கட்டம் முழுமைக்கும் சேர்த்துத்தான். பழுப்பு கிடையாது. அதே வருஷம் வந்த கமடோர் 64இன் 16 நிறங்களில் பழுப்பு உண்டு.

இல்லாத நிறத்தை இருப்பதுபோல் காட்ட ஒரு வழி இருக்கிறது. ராபர்ட் ஃபிளாய்டும் லூயி ஸ்டைன்பெர்கும் 1976இல் வெளியிட்ட முறை. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழப் பொருந்தும் நிறத்தைக் கொடு. உண்மைக்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குப் 'பிழை' என்று பெயர். அதை 16 பங்காக்கி வலப்பக்கம் 7, நேர் கீழே 5, கீழே இடப்பக்கம் 3, கீழே வலப்பக்கம் 1 என்று தள்ளிவிடு. மேலே மட்டும் போகாது. மேல்வரிசை தன் பிழையைக் கீழ்வரிசை தலையில் கட்டுகிறது. இது நமக்கென்ன புதுசா?

ஆனால் பிழையைப் பகிர்ந்தாலும் கட்டத்தின் சட்டம் குறுக்கே நிற்கிறது. அம்மா மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. ஒரு கட்டத்தில் கறுப்பும் சிவப்பும், பக்கத்துக் கட்டத்தில் கறுப்பும் மஞ்சளும். கன்னம் துண்டுதுண்டாகிவிட்டது.

சரி, இதுல என்ன அரசியல் இருக்கு? யாரும் சதி செய்யவில்லை. மூன்று மின்குறிகளைப் போட்டும் அணைத்தும் பெற்ற நிறங்கள் அவை. வெள்ளைக்காரியின் வெளிர்சிவப்பும் அந்த எட்டில் இல்லைதான். ஆனால் 'நடுநிலையான கணிதம்' எந்த முகத்தை வைத்துச் சரிபார்க்கப்பட்டது என்று கேட்கலாம். பிளேபாய் 1972 நவம்பர் இதழின் நடுப்பக்கப் பெண் படத்தைத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1973இல் வருடி எடுத்தார்கள். 'லென்னா' என்ற அந்தப் படம் பல பத்தாண்டுகள் படச்செயலாக்கத்தின் சோதனைப் படமாக இருந்தது. ஐஇஇஇ கணினிச் சங்கம் அதை ஏற்க மறுத்தது 2024 ஏப்ரலில்தான்.

பழைய எந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. 1992இல் தரமாக்கப்பட்ட ஜேபெக்கும் படத்தை 8×8 கட்டங்களாகவே வெட்டுகிறது. வெளிச்சத்தைவிட நிறத்தைப் பெரும்பாலும் குறைந்த நுணுக்கத்தில் வைத்துக்கொள்கிறது. கண் கவனிக்காது என்பது அதன் துணிச்சல். ஸ்பெக்ட்ரம் தன் மறதியைத் திரையிலேயே காட்டுகிறது, ஜேபெக் ஒளித்துவைக்கிறது. போராட்டப் படங்களையும் துண்டறிக்கைகளையும் சுருக்கிச் சேமித்துவிட்டு மூலத்தைக் கழித்துவிடும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

மாற்றி முடித்த கோப்பு 6,912 பைட். கேசட்டிலிருந்து ஏற சுமார் 40 நொடி. முதலில் புள்ளிகள் வரிவரியாக வரும், நிறம் கடைசியில். அதுவரை கறுப்பு வெள்ளையில் அம்மா அம்மாவாகவே இருந்தாள். நிறம் வந்த பிறகுதான் காணாமல் போனாள்.