பட்டம் அல்ல, விருது: பாரத ரத்னா வளர்ந்த வழி

பாரத ரத்னா விருது முதன்முதலாக 1954இல் மூன்று பேருக்குக் கிடைத்தது. ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன். மூவருமே பழைய சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள் என்பது தமிழ் வாசகர்களுக்குப் பழகிய செய்தி. அதே பட்டியலில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மூவரில் இருவர் ஒரு காலத்தில் 'சர்' பட்டம் பெற்றிருந்தவர்கள். ராமனுக்கு 1929இல், நோபல் பரிசுக்கு ஓராண்டு முன்பே, பிரிட்டிஷ் அரசு அதை அளித்தது. ராதாகிருஷ்ணனுக்கு 1931இல் வந்தது. அடுத்த ஆண்டு பாரத ரத்னா பெற்ற விஸ்வேஸ்வரய்யாவோ 1915இலேயே 'சர்' ஆகிவிட்டவர்.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பட்டங்களை ஒழிப்போம் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்த ஒரு குடியரசு, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நான்கே ஆண்டுகளில் ஒரு பதக்கத்தை வார்க்கத் தொடங்கியது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அந்தப் பதக்கத்துக்கான விதிகள் மிகச் சுருக்கமாக எழுதப்பட்டன. விதி பேசாமல் விட்ட இடங்களில்தான் இந்த விருதின் வரலாறு நடந்திருக்கிறது.

காலனி ஆட்சியில் பட்டம் என்பது ஆட்சிக் கருவி. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், கான் பகதூர் என்று படிப்படியாக அடுக்கப்பட்ட ஏணி அது. மேலே 1861இல் தொடங்கிய 'இந்திய நட்சத்திரம்', 1878இல் தொடங்கிய 'இந்தியப் பேரரசு' ஆகிய வரிசைகள் இருந்தன. ஏணியில் ஏறியவர் ஆட்சிக்குக் கடன்பட்டவர். அதனாலேயே பட்டத்தைத் திருப்பித் தருவது அரசியல் செயலாக ஆயிற்று. அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு இந்திய நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதியதற்காகக் கண்டிக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர், 1918இல் தன் பட்டங்களைத் துறந்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919இல் தாகூர் 'சர்' பட்டத்தை உதறினார். 1920இல் காந்தி தன் கைசர்-இ-ஹிந்த் பதக்கத்தைத் திருப்பி அனுப்பினார். பட்டங்களைக் கைவிடுவது ஒத்துழையாமை இயக்கத்தின் செயல்திட்டத்திலேயே இடம்பெற்றது.

இந்த நினைவோடுதான் அரசியல் நிர்ணய சபை கூடியது. 1947 ஏப்ரல் இறுதியில் பட்டங்கள் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது சபை உறுப்பினர் மினூ மசானி ஒரு வேறுபாட்டை முன்வைத்தார். சுதந்திர இந்தியா சிறந்த குடிமக்களை வேறு வகைகளில் கௌரவிக்கலாம். ஆனால் செய்த சேவைக்குக் கூலியாகப் பெயருக்கு முன்னும் பின்னும் ஏதாவது ஒட்டிக்கொள்வது இனி நடக்காது என்பது அவர் பேச்சின் சாரம். அடுத்த ஆண்டு டி.டி. கிருஷ்ணமாச்சாரி கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு விலக்கு கிடைத்தது. இன்றைய 18ஆம் கூறு இப்படி உருவானதுதான். ராணுவ அல்லது கல்விச் சிறப்பு அல்லாத எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்கிறது அது. 'பட்டம்' என்றால் என்ன என்று மட்டும் சொல்லவில்லை. மசானி சபையில் சொன்ன விளக்கம் சட்டத்தின் வாசகத்துக்குள் வரவே இல்லை. அதை நீதிமன்றம் தேடி எடுக்க 48 ஆண்டுகள் பிடித்தன.

1954 ஜனவரி 2ஆம் தேதி குடியரசுத் தலைவரின் செயலகம் வெளியிட்ட அறிவிப்பில் இரண்டு விருதுகள் இருந்தன. ஒன்று பாரத ரத்னா. மற்றொன்று மூன்று வகுப்புகள் கொண்ட பத்ம விபூஷண்; வகுப்புகளுக்கு முதல் வர்க்கம், இரண்டாம் வர்க்கம், மூன்றாம் வர்க்கம் என்று இந்தியில் பெயர். ரயில் பெட்டியை நினைவூட்டிய இந்தப் பெயர்கள் ஓராண்டுதான் தாக்குப்பிடித்தன. 1955 ஜனவரியில் அவை பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என மூன்று தனி விருதுகளாயின. பாரத ரத்னாவின் உருவமும் அப்போதே மாறியது. முதலில் திட்டமிட்டது 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தங்கப் பதக்கம். பின்னர் அது அரசிலை வடிவம் பெற்றது. நடுவில் கதிர் விரிக்கும் சூரியன், கீழே தேவநாகரியில் விருதின் பெயர், கழுத்தில் அணிய வெள்ளைப் பட்டை. பதக்கத்தை வார்ப்பது கொல்கத்தாவின் அலிப்பூர் நாணயச் சாலை. பணமுடிப்பு கிடையாது.

தகுதி விதி ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. கலை, இலக்கியம், அறிவியல் வளர்ச்சிக்கு ஆற்றிய ஒப்பற்ற பணி, அல்லது மிக உயர்ந்த பொதுச் சேவை. இனம், தொழில், பதவி, பால் வேறுபாடின்றி எவரும் பெறலாம். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. 1987இல் பாகிஸ்தானில் வாழ்ந்த கான் அப்துல் கஃபார் கானுக்கும், 1990இல் நெல்சன் மண்டேலாவுக்கும் கொடுக்க முடிந்தது அதனால்தான். யார் தேர்ந்தெடுப்பது? பிரதமர் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைப்பார், அவ்வளவே. நடுவர் குழு, தகுதிப் பட்டியல், பரிசீலனைக் குறிப்பு என எதுவும் விதியில் கட்டாயமில்லை.

பிரதமரே பரிந்துரைக்க வேண்டிய விருதைப் பிரதமருக்கே கொடுக்க நேர்ந்தால்? கேள்வி அடுத்த ஆண்டே எழுந்தது. 1955 ஜூலையில் நேரு சோவியத் பயணம் முடித்துத் திரும்பியதும், அவருக்கான விருந்தொன்றில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பாரத ரத்னாவை அறிவித்தார். பிரதமரின் ஆலோசனையைப் பெறாமல் தானாகவே முடிவெடுத்ததால், இது அரசமைப்புக்கு மாறானது என்றுகூடச் சொல்லலாம் என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நேருவின் தகுதியைப் பற்றி அன்று யாருக்கும் ஐயமில்லை. நடைமுறை பற்றித்தான் ஐயம். 1971இல், வங்கதேசப் போருக்குப் பின், பதவியிலிருந்த இந்திரா காந்திக்கு விருது வந்தது. அப்போது குடியரசுத் தலைவர் வி.வி. கிரி. 1975இல் கிரிக்கு வந்தபோது பிரதமர் இந்திரா.

மறைந்தவர்களுக்கு வழங்கும் வழி 1954 விதியில் இல்லை. 1955 திருத்தத்தில் சேர்ந்தது. சேர்த்த பிறகும் பதினோரு ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 1963 வரை விருது பெற்ற 13 பேரும் உயிரோடிருந்து பெற்றவர்கள். தாஷ்கண்டில் இறந்த லால் பகதூர் சாஸ்திரிக்கு 1966இல் கொடுத்ததே முதல் முறை. 1976இல் காமராஜர், 1983இல் வினோபா பாவே, 1988இல் எம்.ஜி.ஆர். 1989 முடிய விருது பெற்ற 21 பேரில் இந்த நால்வர் மட்டுமே மறைவுக்குப் பின் பெற்றவர்கள். 1990 முதல் இன்றுவரை 32 பேர். அவர்களில் 14 பேருக்கு மறைவுக்குப் பின்தான் வந்தது. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விருதின் வேலையே மாறிவிட்டது தெரியும். வாழ்கிறவரின் சாதனைக்கு மாலையிடுவதிலிருந்து, வரலாற்றில் விடுபட்டவர்களின் கணக்கைச் சரிசெய்வதற்கு அது நகர்ந்தது. அம்பேத்கருக்கு 1990இலும், பட்டேலுக்கு 1991இலும், மௌலானா ஆசாத்துக்கு 1992இலும் கிடைத்தன. தாமதம் யாருடையது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் விருதோடு சேர்ந்தே வந்தது.

இதில் எம்.ஜி.ஆர். விவகாரம் தனி. 1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார். சில வாரங்களிலேயே விருது அறிவிக்கப்பட்டது. அம்பேத்கருக்கும் பட்டேலுக்கும் முன்பாகவா என்று அன்றே கேட்டார்கள். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் வரவிருந்ததையும் சுட்டினார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதை அவர் ஒருவர் மேல் மட்டும் வைப்பது சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. தேர்தல் காலத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே இடைவெளி வேண்டும் என்று விதி எங்கும் சொல்லாதபோது, அடுத்தடுத்த ஆட்சிகள் எல்லாமே அந்த மௌனத்தைப் பயன்படுத்தியிருக்கின்றன.

எதிர்ப்பும் விருதோடு கூடவே வளர்ந்தது. அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த எச்.என். குன்ஸ்ரு, குடியரசில் இத்தகைய கௌரவங்கள் கூடாது என்ற கொள்கைப்படி தனக்கு வந்த பாரத ரத்னாவை மறுத்துவிட்டார். 1969இல் ஆச்சார்ய கிருபளானி, விருதுகளையே ஒழிக்க மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். முன்வாசலில் துரத்திய பட்டங்கள் பின்வாசல் வழியாக நுழைகின்றன என்பது அவர் வாதம். மசோதா தோற்றது.

கிருபளானியால் முடியாததை எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு நிர்வாக ஆணை செய்து முடித்தது. 1977 ஜூலை 13 அன்று மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசு பாரத ரத்னாவையும் பத்ம விருதுகளையும் நிறுத்தியது. நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றித் தொடங்கிய விருதல்ல என்பதால் நிறுத்தவும் சட்டம் தேவைப்படவில்லை. மீட்கவும் அப்படியே. 1980 ஜனவரி 14 அன்று இந்திரா மீண்டும் பிரதமரானார். 25ஆம் தேதி விருதுகள் திரும்பி வந்தன. அந்த ஆண்டு பாரத ரத்னா பெற்றவர் அன்னை தெரசா. 1991இல் மொரார்ஜி தேசாய்க்கே அது கிடைத்தது. பெற்றுக்கொண்டார்.

விருதின் வரலாற்றிலேயே மிகச் சிக்கலான ஆண்டு 1992. ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸுக்கு மறைவுக்குப் பின் பாரத ரத்னா வழங்கப்படும் என்று செய்திக்குறிப்பு வெளியானது. 1945இல் தைபேயில் நடந்ததாகச் சொல்லப்படும் விமான விபத்தை ஏற்காதவர்கள் கொதித்தார்கள். அவர்களின் முதல் ஆட்சேபம் 'மறைவுக்குப் பின்' என்ற சொற்களின் மீதுதான். 1955 திருத்தத்தில் சேர்ந்த சொற்கள், போஸின் மரணத்தைப் பற்றிய அரசின் தீர்ப்பாக 1992இல் படிக்கப்பட்டன. போஸின் குடும்பமும் விருதை ஏற்கவில்லை. வழக்கு கொல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போனது. அறிவித்தோமே தவிர வழங்கவில்லை, மேற்கொண்டு நடவடிக்கை எடுக்கவில்லை என்றது அரசு. 1997 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தச் செய்திக்குறிப்பை ரத்தானதாகக் கருதச் சொல்லி வழக்கை முடித்தது.

அதே 1992இல் கேரள, மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றங்களில் இன்னும் அடிப்படையான வழக்குகள் தொடுக்கப்பட்டன. இந்த விருதுகள் 18ஆம் கூறு தடைசெய்யும் பட்டங்களே என்றனர் மனுதாரர்கள். மத்தியப் பிரதேசத்தில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1993 முதல் 1996 வரை பாரத ரத்னா யாருக்கும் இல்லை. 1995 டிசம்பர் 15 அன்று தலைமை நீதிபதி ஏ.எம். அகமதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சமத்துவம் என்பது சிறப்பை அங்கீகரிக்கத் தடையல்ல. எல்லாத் துறைகளிலும் மேன்மையை நோக்கி முயல்வதைக் குடிமகனின் கடமையாகச் சட்டமே சொல்கிறது. ஆகவே இவை பட்டங்கள் அல்ல. ஆனால் பெயருக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் விருதைப் பறிக்கலாம். 1947இல் மசானி போட்ட கோட்டைத்தான் நீதிமன்றம் மறுபடி அழுத்தி வரைந்தது. விருதுகள் கண்டபடி வழங்கப்படுவதையும் அது கண்டித்தது. தேர்வுக்கு உயர்மட்டக் குழு வேண்டும் என்றது.

அரசின் விளக்கப்படி, 'குடியரசுத் தலைவரால் பாரத ரத்னா வழங்கப்பெற்றவர்' என்று கடிதத் தாளில் போட்டுக்கொள்ளலாம். 'பாரத ரத்னா இன்னார்' என்று போடக் கூடாது. நம் ஊர்ச் சுவரொட்டிகளுக்கு இந்த நுட்பமெல்லாம் எட்டியதாகத் தெரியவில்லை. ஒரு வேளை கிருபளானி பயந்தது சரிதானோ என்னவோ. தமிழில் 'பட்டம்' என்ற சொல்லும் 'விருது' என்ற சொல்லும் மேடையில் ஏறியதும் ஒன்றாகிவிடுகின்றன.

தடை நீங்கிய பின் வந்த இரண்டு ஆண்டுகளை இந்த விருதின் நல்ல பருவம் என்பேன். 1997இல் அப்துல் கலாம், 1998இல் எம்.எஸ். சுப்புலட்சுமியும் பசுமைப் புரட்சிக்கு அமைச்சராக இருந்து வழிவகுத்த சி. சுப்பிரமணியமும். முதல் விதியிலேயே 'கலை' என்ற சொல் முன்னால் நின்றபோதிலும், ஓர் இசைக் கலைஞர் பாரத ரத்னா பெற்றது எம்.எஸ். வழியாகத்தான், அதுவும் 44 ஆண்டுகளுக்குப் பிறகு. தொடர்ந்து ரவிசங்கர், லதா மங்கேஷ்கர், பிஸ்மில்லா கான், பீம்சேன் ஜோஷி என்று வழி திறந்தது.

விளையாட்டுக்கு விதியில் இடமே இல்லை. சச்சின் டெண்டுல்கருக்குக் கொடுக்க வேண்டும் என்ற குரல் ஓங்கிய நிலையில், 2011 இறுதியில் தகுதி விதி 'மனித முயற்சியின் எந்தத் துறையும்' என்று திருத்தப்பட்டது. 2013 நவம்பர் 16 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் அவருடைய கடைசி டெஸ்ட் முடிந்த அன்றே அறிவிப்பு வந்தது. விஞ்ஞானி சி.என்.ஆர். ராவின் பெயரும் உடன் வந்தது. விருது பெற்றவர்களிலேயே இளையவர் சச்சின், வயது 40. மூத்தவர் 1958இல் நூறு வயதில் பெற்ற டி.கே. கர்வே. ஆண்டுக்கு மூவருக்கு மேல் இல்லை என்ற வரம்பும் நிலைக்கவில்லை. 1999இல் நால்வர், 2024இல் ஐவர். கர்ப்பூரி தாக்கூர், அத்வானி, நரசிம்ம ராவ், சரண் சிங், எம்.எஸ். சுவாமிநாதன் ஆகிய அந்த ஐவரில் அத்வானி ஒருவரே உயிரோடிருந்தார்; அறிவிப்புகள் மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களில் வந்தன.

இதுவரை 53 பேர். பிரதமர்களும் குடியரசுத் தலைவர்களும் விடுதலைப் போராட்டத் தலைவர்களும் நிறைந்த அந்தப் பட்டியலில் பாடகர்கள் உண்டு, விஞ்ஞானிகள் உண்டு, ஒரு திரைப்பட இயக்குநர் உண்டு, ஒரு கிரிக்கெட் வீரர் உண்டு. படைப்பிலக்கியத்துக்காக மட்டும் இந்த விருதைப் பெற்ற கவிஞரோ நாவலாசிரியரோ எந்த இந்திய மொழியிலும் ஒருவர்கூட இல்லை. 1954 விதியில் 'இலக்கியம்' என்று ஒரு சொல்லாவது இருந்தது. 2011 திருத்தத்தில் அந்தச் சொல்லும் போய்விட்டது.