மூலம் எது? ‘விக்ரம்’ (1986): தொடர்கதையும் திரைப்படமும்

நாவல் திரைப்படமாகும்போது நாவலை மூலமாகவும் படத்தை அதன் வழிவந்த ஆக்கமாகவும் கொள்வது பொதுவழக்கு. மூலத்திலிருந்து படம் எவ்வளவு விலகியது என்னும் வினா இக்கால வரிசையிலிருந்தே எழுகிறது. சுஜாதாவின் உளவுக் கதையான ‘விக்ரம்’ இவ்வரிசைக்குள் அடங்குவதில்லை என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

சுஜாதாவின் ‘காயத்ரி’ 1977இலும் ‘பிரியா’ 1978இலும் திரைப்படங்களாயின. இவை இதழ்களில் தொடராக வந்து முடிந்தபின் படமாக்கப்பட்டவை. ‘பிரியா’வின் களம் இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு மாறியது; வழக்கறிஞர் கணேஷ், ரஜினிகாந்தின் நாயக வடிவத்தைப் பெற்றார். இங்கு மூலம், விலகல் என்னும் பகுப்பு பொருந்துகிறது.

‘விக்ரம்’ உருவான முறை வேறு. கமல்ஹாசனின் நிறுவனம் தயாரிக்க, ராஜசேகர் இயக்கிய இப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே சுஜாதா குமுதத்தில் அதனைத் தொடராக எழுதினார். ஓவியங்களின் இடத்தில் கமல்ஹாசன் தோன்றும் புகைப்படங்கள் இடம்பெற்றன. எனவே, நாயகனின் முகத்தை வாசகர் கற்பனை செய்யவேண்டிய தேவை எழவில்லை. தொடர்கதை, படத்திற்கு முன்னோட்டமாகவும் அமைந்தது.

களவாடப்பட்ட அக்னிபுத்ரா ஏவுகணையை மீட்பதே கதை. இந்தியாவின் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் 1983இல் தொடங்கியது. அக்னி முதன்முதலில் ஏவப்பட்டது 1989இல்தான். ஏவுகணையும் கணினியும் பெரும்பான்மையோருக்குப் புதியனவாக இருந்த இவ்விடைக்காலத்தில் அவற்றை எழுத்தில் விளக்குவது, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியாளரான சுஜாதாவுக்கு இயல்பாக அமைந்தது. உளவுக் கதையின் விசை தகவலில் உள்ளது. அதிரடிப் படத்தின் விசையோ உடலின் இயக்கத்தில் உள்ளது. படத்தின் கதை சலாமியா என்னும் கற்பனை நாட்டிற்குள் நுழைந்தபின் பாலைவனமும் அரண்மனையும் பாடலும் சண்டையும் மேலோங்க, துப்பறியும் தருக்கம் பின்னடைகிறது. திரைக்கதையிலும் சுஜாதாவுக்குப் பங்கிருந்ததால், இதனை எழுத்தாளரை மீறிய சிதைவு என்று கூற இயலாது. ஒரே கதை இருவேறு ஊடகங்களின் தேவைக்கேற்பப் பிரிந்தது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

ஆகவே, நூல் வடிவை மட்டும் மூலமாக வைத்துப் படத்தை மதிப்பிடுவது பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும். புகைப்படங்களோடு வெளிவந்த இதழ்ப் பக்கங்களும் ஒப்பீட்டில் இடம்பெற வேண்டும். 2022இல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘விக்ரம்’, கமல்ஹாசன் முன்பு ஏற்ற உளவு அதிகாரியையே மீட்டெடுத்தது. பிற்காலப் படைப்புக்கு மூலமாக நின்றது நாவலன்று, 1986ஆம் ஆண்டின் திரைப்படமே.