சூரியவெவயிலிருந்து மண்டைதீவுக்கு

2020 டிசம்பர் 16ஆம் திகதி இரவு, அம்பாந்தோட்டை சூரியவெவ மைதானத்தில், யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. கைதட்ட ஆளில்லை. கொரோனாக் காலம் என்பதால் கதிரைகளெல்லாம் வெறுமையாகக் கிடந்தன. முதலில் ஆடிய யாழ்ப்பாண அணி 188 ஓட்டங்களைச் சேர்த்தது, காலி அணி 135இல் அடங்கிவிட்டது. 53 ஓட்டங்களால் வெற்றி. திசர பெரேரா கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபோது யாழ்ப்பாணத்துக்காரர் பார்த்தது தொலைக்காட்சியில்தான். நாட்டின் வடமுனையின் பெயர் தென்முனையில் போய் வென்றிருந்தது.

இது ஒரு பெயரின் பயணக் கதை. அந்தப் பெயர் எங்கெங்கோ ஆடி வென்று, இப்போதுதான் தீவகத்தின் வாசலில் தனக்கென ஒரு நிலத்தை எதிர்பார்த்து நிற்கிறது.

லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து ஊர்களின் பெயர்களில் அணிகளை விற்றார்கள். யாழ்ப்பாணத்தை வாங்கியது வெளிநாட்டு முதலீட்டாளர் கூட்டு ஒன்று. ஸ்டாலியன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் குதிரைகள் கட்டற்று மேயும் இடம் நெடுந்தீவுதான் என்பதால், தீவுக்காரனான எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அடுத்த ஆண்டே அணி லைக்கா நிறுவனத்தின் கைக்கு மாறியது. குதிரை போய் மன்னர் வந்தார். யாழ்ப்பாணம் கிங்ஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

முதலாண்டில் 23 ஆட்டங்களும் சூரியவெவயிலேயே நடந்தன. அப்போது எவருக்கும் சொந்தத் திடல் இல்லை; ஆகவே குறையாகத் தெரியவில்லை. பிறகு மற்றவர்களில் சிலருக்கு ஊர் கிடைத்தது. ஆட்டங்கள் கொழும்பு பிரேமதாச அரங்குக்கு வந்தன, கண்டிக்குப் பக்கத்துப் பல்லேகலவுக்கு வந்தன, 2024இல் தம்புள்ளைக்கும் வந்தன. யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை. ஆனாலும் வெற்றி நிற்கவில்லை. 2021இல் மீண்டும் காலியை 23 ஓட்டங்களால் வென்றார்கள். 2022இல் கொழும்பு ஸ்டார்ஸை இரண்டு விக்கெட்டுகளால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வென்றார்கள். 2023 ஒன்றுதான் கைநழுவிப் போனது. 2024 இறுதியாட்டத்தில் காலி எடுத்த 184 ஓட்டங்களை ரைலி ரூசோவும் குசல் மெண்டிஸும் சேர்ந்து ஊதித் தள்ளினார்கள். ரூசோ 106, ஆட்டமிழக்கவில்லை. ஐந்து போட்டித்தொடர்களில் நான்கு கிண்ணங்கள். அந்த ஐந்து தொடர்களிலும் யாழ்ப்பாண மண்ணில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை.

சொந்தத் திடல் என்றால் என்ன என்பதை யாழ்ப்பாணத்துக்காரருக்கு மலாயாவைக் காட்டிச் சொல்லலாம். ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்க்கக் கப்பலேறிய நம் முன்னோர் கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டிலேயே சிலாங்கூர் இலங்கைத் தமிழர் சங்கத்தை அமைத்தவர்கள்; ஸ்கொட் வீதியில் கந்தசுவாமி கோயிலையும் எழுப்பினார்கள். அந்தச் சிலாங்கூரின் உதைபந்தாட்ட அணி மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்றது. மெர்டேக்கா அரங்கில் ஆடியது. 1994இல் 80,000 பேர் கொள்ளும் ஷா ஆலம் அரங்குக்குப் போனது. அது பழுதுபட்டு மூடப்பட்டபின் பெட்டாலிங் ஜெயாவில் ஆடுகிறது. பழைய அரங்கை 2024இல் இடிக்கத் தொடங்கினார்கள். திடல் மாறினாலும் அந்த அணி கோலாலம்பூர், சிலாங்கூர் சுற்றுவட்டாரத்திலேயே ஆடிவந்திருக்கிறது. ரசிகன் பேருந்தேறிப் போய்ப் பார்க்கலாம். யாழ்ப்பாணம் கிங்ஸின் ரசிகனுக்கோ தன் அணியைப் பார்க்கக் கொழும்புப் பயணம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் திடலே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான வடக்கின் பெரும்போர் 1904இல் தொடங்கியது. மூன்று நாள் ஆட்டம்; ஊரே அங்கே நிற்கும். பாய் விரித்த ஆடுகளத்தில் நெடுங்காலம் ஆடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பர் 4ஆம் திகதி, பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில், ஸ்டாலியன்ஸ் சீருடையில் முதன்முறை பந்துவீசி அஞ்சலோ மத்யூஸை ஆட்டமிழக்கச் செய்தான். 2024இல் ஐதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லிலும் ஆடினான். அவனைத் தவிர்த்துப் பார்த்தால், அணியின் பெயரில் இருந்த யாழ்ப்பாணம் ஆட்டக்காரரின் பட்டியலில் அவ்வளவாக இருக்கவில்லை. வெற்றியைக் கொண்டாடியபோது இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடலோரத்தில் நிலைமை வேறு. அங்கே கிரிக்கெட் இரண்டாவது ஆட்டம், உதைபந்தாட்டந்தான் முதல். பண்ணைக் கடலுக்கு அந்தப்புறம், நகரக் கரையில், நாவாந்துறை சென் மேரிஸ், குருநகர் பாடுமீன், பாசையூர் சென் அன்ரனிஸ் என்று கடற்றொழிலாளர் குடியிருப்புகள்தோறும் கழகங்கள். விடியலில் கரைக்கு வந்து வலையை உதறிவிட்டு மாலையில் பந்தை உதைக்கும் கால்கள். இந்தப்புறம் தீவகத்தில் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியும் வேலணை மத்திய கல்லூரியும் நெடுந்தீவு, நயினாதீவுப் பள்ளிகளும் கிடைத்த வெளியில் கிடைத்த பந்தோடு ஆடிக்கொண்டிருக்கின்றன. பெரிய ஆட்டமென்றால் நகரத்துக்குத்தான் போக வேண்டும். துரையப்பா விளையாட்டரங்கு அதற்கான இடம். இந்தியாவின் உதவியால் சீரமைக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்டது.

அந்தத் தீவகத்தின் முதல் தீவுக்கு 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அனுரகுமார திசாநாயக்க வந்தார். மண்டைதீவில் யாழ்ப்பாணச் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். அன்றைக்கே கடற்படைப் படகில் கச்சதீவுக்கும் போய்வந்தார். அங்கே போன முதல் ஜனாதிபதி அவர்தான் என்பதால் பத்திரிகைகளின் தலைப்பு கச்சதீவுக்கே போய்விட்டது. மைதானம் உள்பக்கத்துச் செய்தியாயிற்று. திட்டம் சிறியதல்ல. 138 ஏக்கரில் விளையாட்டு நகரம், அதில் 48 ஏக்கரில் மைதானம், 40,000 பேருக்கு இருக்கை. செலவு இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்துடையது.

இடத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். நெடுந்தீவில் ஒருவர் நகரத்துக்குப் புறப்பட்டால் காலையில் குமுதினியையோ வடதாரகையையோ பிடிக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடல். குறிகட்டுவானில் இறங்கிப் பேருந்தைப் பிடித்தால் புங்குடுதீவு, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி. பிறகு மண்டைதீவுச் சந்தி. அதற்குப் பிறகுதான் பண்ணைப் பாலமும் யாழ்ப்பாணமும். எதற்கும் கடைசியில் நின்று பழகிய தீவார் இந்த ஒரு விஷயத்தில் நகரத்தாரைவிட முன்னால் இறங்கிவிடலாம். ஆனால் பின்னேரம் ஆட்டம் முடிந்தபிறகு நெடுந்தீவுக்குப் படகு இருக்குமா என்பது இன்னொரு கேள்வி. இரவு ஆட்டத்துக்கு மின்விளக்குக் கம்பம் நடுகிறவர்கள் இரவுப் படகையும் சேர்த்து யோசித்தால்தான் தீவகத்து மைதானம் என்ற பேச்சுக்கு அர்த்தம்.

மண்டைதீவு தட்டை நிலம். மரத்தடுப்பு குறைவு, சுற்றிலும் கடலேரி. வைகாசிக்குப் பிறகு சோழகக் காற்று எழுந்தால் மணலைக் கிளப்பிக்கொண்டு விசிறி அடிக்கும். அந்தக் காற்றில் உயரக் கிளம்பும் பந்தின் கீழே நின்று பிடியெடுக்கிறவனுக்குத் தனிக் கற்கை வேண்டும். ஆடி மாதத்தில் லீக்கை வைத்தால் கொழும்பு வீரர்கள் நன்றாகவே சோழகத்தைப் படிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வைத்தால் மழை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு எப்படிக் கிடந்தது என்று முதியவர்களைக் கேட்க வேண்டியதில்லை. அப்போது பள்ளியில் படித்தவர்களே சொல்வார்கள். தாழ்ந்த நிலத்தை மண் போட்டு உயர்த்தினால் அந்தத் தண்ணீர் வேறெங்கோ போய்த் தங்கும். கண்டல் மரங்களும் சதுப்பும் இருக்கும் இடம் இதுவென்று சூழலியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததற்குக் காரணம் இதுதான். அபிவிருத்திக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று அவர்களைத் தள்ளிவிடுவது இலகு. வெள்ளம் வந்தால் நனைவது அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் குடியிருப்பவர்களின் முற்றம்.

தண்ணீர் வேண்டியபோது அது கிடைக்காது என்பது அடுத்த சிக்கல். தீவுகளில் நன்னீர் என்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய ஒரு படை. இறைப்பு அதிகமானால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். வேலணைச் சாட்டிக் கிணற்று நீரை பவுசரில் ஏற்றிப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுக்கிற நாடு இது. பெரிய திடல் ஒன்றின் புல்லை வெயிற்காலத்தில் பச்சையாக வைத்திருக்க நாள்தோறும் பல்லாயிரம் லீற்றர் வேண்டும். 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடத்தோடு காத்திருக்கும் வீட்டுக்கு முதலில் குழாய் வர வேண்டும். புல் அடுத்ததாக வரட்டும். மழைநீரைத் தேக்கும் குளமொன்றை மைதானத்தின் வரைபடத்திலேயே சேர்த்துவிட்டால் இரண்டு பக்கமும் சண்டை குறையும்.

ஆடுகளத்துக்கு வேண்டிய களிமண்ணுக்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. மன்னார் முருங்கனின் கருங்களி இந்த நாட்டில் பேர்போனது. ஒருகாலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இரயிலில் போனது. கிரிக்கெட் ஆடுகளங்களை இறுக்கவும் அதே களியைத்தான் தேடிப் போகிறார்கள். காய்ந்தால் வெடித்து, நனைந்தால் பொருமி, உருளை போட்டு இறுக்கினால் கல்லாகும் மண். வடக்கின் மண் தெற்கின் திடல்களுக்குப் போய் ஆட்டம் கொடுத்திருக்கிறது. இப்போது அது கடலேரியைத் தாண்டி மண்டைதீவுக்கு வரட்டும்.

இன்னொன்றையும் இந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் பிடிக்கப்பட்ட ஆண்கள் பலர் திரும்பவில்லை. அவர்களின் உடல்கள் போடப்பட்டதாகச் சொல்லப்படும் மண்டைதீவுக் கிணறுகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று உறவினர்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் மண்ணைக் கிளறுவது எப்போதும் வெறும் கட்டட வேலையாக இருந்ததில்லை. துரையப்பா அரங்கைத் திருத்த 1999இல் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வந்தன. செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் மயானக் கட்டட வேலைக்குத் தோண்டியபோதும் எலும்புகளே வந்தன; அகழ்வு தொடர எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்று ஆரவாரிக்கப்போகும் தீவில், எங்கள் பிள்ளை எங்கே என்று கேட்கும் தாயின் குரலும் கேட்க வேண்டும். மைதானமும் வேண்டும், கிணறுகளையும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் விளையாட்டின் எதிரிகளல்லர். அடிக்கல்லின் கீழ் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு கட்டினால் கட்டடமும் உறுதியாக நிற்கும்.

யாழ்ப்பாணம் கிங்ஸ் இந்தத் திடலில் ஆடப்போகிறதா என்பது அணியின் உரிமையாளரும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனமும் முடிவுசெய்கிற காரியம். நான்கு கிண்ணங்களை யாழ்ப்பாணத்தின் பெயரால் வாங்கியவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது: தொடரின் முதல் ஆட்டங்களில் ஒன்றையாவது இங்கே வைக்கக் கேட்பது. கேட்டால் மறுக்க அரசுக்கும் நிறுவனத்துக்கும் நியாயம் இருக்காது. ஆனால் அப்படியான ஆட்டங்கள் ஆண்டில் சில இரவுகள்தான். மீதி நாட்களில் திடலுக்குப் பூட்டுப் போட்டுக் காவலாளியை நிறுத்துவதானால், பண்ணைப் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பேருந்து யன்னல்வழியாகப் பார்க்கும் ஒரு சுவர்.

ஆகவே பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கட்டடப் பணிக்கு முன்பாகவே கிணறுகளை நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்து முடியுங்கள். வெள்ளநீர் போகும் வழியை அடைக்காத வரைபடத்தை ஊர் மக்களுக்குத் தமிழில் காட்டுங்கள். 138 ஏக்கரில் உதைபந்தாட்டத்துக்கும் ஒரு திடல் ஒதுக்குங்கள். தீவகப் பள்ளிகளின் ஆட்டங்களுக்கு வாரத்தில் நாள் குறித்துக் கொடுங்கள். அந்த நாளில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் கடைசிப் படகு ஆட்டம் முடிந்த பிறகே புறப்படட்டும்.